தாளில் இல்லாத அறுபது கிலோ

மூன்றாவது வண்டியையும் நான் வேண்டாம் என்று சொன்னேன், மகள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். போன வாரம் அதோடு நின்றது. அதைப் படிக்காதவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து என் மனைவியால் உட்கார முடிவதில்லை. அரை மணி நேரம் தாங்குவாள். பிறகு படுத்தே ஆகவேண்டும். கொஞ்சம் படுத்து எழுந்தால் மறுபடி அரை மணி நேரம். அவளுடைய அக்கா இருப்பது ஒரு பகல் முழுக்க வண்டியில் போகிற தூரத்தில். அந்தப் பக்கம் ரயில் கிடையாது. பஸ்ஸில் யாரும் படுக்க விடமாட்டார்கள். ரோட்டோரத்தில் பாயை விரிக்கவும் முடியாது.

அதனால்தான் உள்ளே படுக்கை வைத்த கேம்பர் வேன் என்ற பேச்சு எங்கள் வீட்டுக்குள் வந்தது.

ஊர் சுற்றுவதற்கென்று தனியாக ஒரு வண்டி வாங்கி நிறுத்தி வைக்க எங்களுக்கு வசதி இல்லை. என் மகள் முடி வெட்டுகிறவள். கடை கிடையாது. எழுந்து நடமாட முடியாதவர்களின் வீடு தேடிப் போய் வெட்டிவிட்டு வருவாள். வீட்டில் அவளுக்குப் பெயர் கத்திரி. அவள் ஓட்டுகிற பழைய கார் இன்றைக்கோ நாளைக்கோ என்று இழுத்துக்கொண்டு கிடக்கிறது. ஆகவே வாங்குகிற வண்டி தினமும் அவளோடு சந்துபொந்தெல்லாம் நுழையவேண்டும், அதிகம் டீசல் குடிக்கக்கூடாது, எங்கள் கட்டடத்துக்கு அடியில் வண்டி நிறுத்துகிற இடத்தில் கூரை இடிக்கக்கூடாது. அதே வண்டிக்குள் அவள் அம்மா காலை நீட்டிப் படுக்கவும் வேண்டும்.

முதல் வண்டி எங்கள் தெருவுக்குள்ளேயே திரும்பவில்லை. இரண்டாவது வெள்ளத்தில் முங்கியெழுந்தது, மோந்து பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மூன்றாவது, பார்ப்பதற்குப் புது மாப்பிள்ளை, குடிப்பதில் பழைய மாமனார்.

"நீங்க வண்டி பாக்கலப்பா, குத்தம் பாக்கறீங்க" என்று அன்றைக்குச் சொன்னாள் கத்திரி.

ஆமாம், பார்க்கிறேன். நான் எடைமேடையில் வேலை பார்த்தவன். லாரியை அப்படியே மேலே ஏற்றி எடை போடுகிற இரும்பு மேடை அது. காலி லாரியை எடை போடும்போது எடையைக் கூட்டிக் காட்டினால், சரக்கு ஏற்றி வரும்போது சரக்கின் எடை குறைந்து தெரியும். அதற்காகப் பெட்டிக்குள் கல்லை ஒளித்துவைப்பார்கள். கிளீனரைச் சீட்டுக்குப் பின்னால் சுருட்டிப் படுக்கவைப்பார்கள். காதைப் பிடித்து இழுத்து நான் இறக்கிவிட்ட கிளீனர்களுக்குக் கணக்கில்லை. அந்த வேலை பார்த்தவன் யார் சொன்னாலும் நம்பமாட்டான்.

இன்று காலை, நாங்கள் நாலாவது வண்டியைப் பார்க்கக் கிளம்பும்போது, என் மனைவி தலையை வாரிக்கொண்டே சொன்னாள்.

"நானும் வர்றேன்."

"நீ எதுக்கு? ஒரு நாள் வந்துட்டு ரெண்டு நாள் படுத்துக் கிடக்கவா?"

"படுக்கப் போறவ நானு. படுக்கைய பாத்துட்டு வர்றது நீங்களா?"

கத்திரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "கேளும்மா, நல்லா கேளு."

"இன்னொண்ணும் கேட்டுக்கங்க" என்றாள் என் மனைவி. "இன்னைக்கும் வேணாம்னு திரும்பி வந்தீங்கன்னா, அக்கா வீட்டுக்குப் போகணும்னு இனிமே நான் வாயத் திறக்கமாட்டேன். கோவத்துல சொல்லல. கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப்போச்சு."

அவள் குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. சீப்பில் சிக்கிய முடியைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டுச் செருப்பைத் தேடினாள். சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். இதற்கு என்ன பேசுவது?

விற்கிற அம்மா ஒரு நீச்சல் டீச்சர். நீச்சல் குளத்துக்கு வெளியேதான் வண்டி நின்றது. கழுத்தில் விசிலோடு, ஈரத் தலையோடு வந்தாள். தண்ணீருக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குக் கேட்கவேண்டுமென்று பேசிப் பழகிய குரல். பக்கத்தில் நின்றால் காது அடைத்துவிடும்.

"முன்னாடி இது ரொட்டி ஏத்தின வேன்! உள்ள எல்லாம் நானும் வீட்டுக்காரரும் சேர்ந்து போட்டது! தெறந்து பாருங்க!"

கதவைத் திறந்தோம். பின்பக்கம் ஒரு பெஞ்சு. இழுத்தால் நீளவாட்டில் படுக்கையாக விரிந்தது. ஓரத்தில் ஒற்றை அடுப்பு, சின்னத் தொட்டி, அதற்குமேல் குழாய். ஜன்னலுக்குத் திரை. படுக்கைக்கும் முன் சீட்டுகளுக்கும் நடுவில் இன்னொரு திரை. கூரை உயரமில்லை, குனிந்துதான் நிற்கவேண்டும். ஆனால் எங்கள் கட்டடத்துக்கு அடியில் இடிக்காமல் போய்விடும்.

"அப்பா, இந்தத் தொட்டியில தலை அலசி விடலாம்!" கத்திரி அதற்குள் குழாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். "சில வீட்டுல பக்கெட் வைக்கக்கூட இடம் இருக்காது. நடக்க முடிஞ்சவங்கள இங்கயே கூட்டிட்டு வந்துடலாம்."

"டீசல் எவ்வளவு குடிக்கும்?" என்று கேட்டேன்.

"தினமும் வேலைக்கு இதுலதான் வர்றேன் சார்! சின்ன காருக்கு ஆகறத விட ஒரு வாய் கூட! அவ்வளவுதான்!"

"ஒரு வாய்னா யார் வாய்?"

"அப்பா!" என்றாள் கத்திரி.

நான் சும்மா இருக்கவில்லை. காந்தத்தை எடுத்துச் சுற்றிலும் ஒட்டிப் பார்த்தேன், அடிபட்டதை மறைக்கப் பட்டி பூசிய இடத்தில் அது ஒட்டாது. எல்லா இடத்திலும் ஒட்டியது. புகைக்குழாயில் விரலை விட்டேன், எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. டயரெல்லாம் ஒரே மாதிரி தேய்ந்திருந்தன. மோந்தும் பார்த்தேன். பழைய ரொட்டி வாசனைகூட இல்லை.

குற்றம் கிடைக்காததே எனக்குக் குற்றமாகப் பட்டது.

"இவ்வளவு நல்ல வண்டிய எதுக்கு விக்கிறீங்க?"

அவள் வயிற்றில் கையை வைத்துக் காட்டினாள். "படுக்கை ரெண்டு பேருக்குத்தான் சார். மூணாவது ஆள் வருது." முதல்முறையாகக் குரல் கொஞ்சம் இறங்கியது. உடனே ஏறிவிட்டது. "சாயங்காலம் இன்னொருத்தரும் பாக்க வர்றார்! முதல்ல நீங்க ஓட்டிப் பாருங்க! நான் வகுப்ப முடிச்சிட்டு ஸ்கூட்டர்ல பின்னாடியே வர்றேன்!"

சாயங்காலம் இன்னொருத்தர். விற்கிறவர்கள் எல்லோருக்கும் அப்படி ஒருத்தர் இருப்பார்.

சாவியை என் கையில் கொடுத்துவிட்டாள். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

"நாங்க வண்டியோட ஓடிட்டா என்ன பண்ணுவீங்க?"

"உங்க கார் இங்கதானே நிக்குது!"

"அதுக்கு நாங்க ஓடினாலே தேவல" என்றாள் கத்திரி.

கத்திரி ஓட்டினாள். நான் பக்கத்தில். என் மனைவி பின்னால் பெஞ்சில், பெல்ட் போட்டு, ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி. போகிற வழியில் அவள் ஒரே ஒருமுறைதான் வாயைத் திறந்தாள். "இந்த ஜன்னல் நல்லா இருக்கு" என்றாள். நான் என்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்ததால் பதில் சொல்லவில்லை.

எங்கே போகிறோம் என்று நான்தான் வழி சொன்னேன். அரை மணி நேரம் முடிகிற இடத்தில் என் பழைய எடைமேடை வந்தது.

"இங்க எதுக்குப்பா?"

"எடை போடத்தான். படுக்கை, அடுப்பு எல்லாம் போட்டதுக்கப்புறம் எடுத்த எடை வண்டித் தாள்ல இருக்கு. வாயி பொய் சொல்லும், தாளும் பொய் சொல்லும். மேடை சொல்லாது."

நான் இறங்கி ஆபீசுக்குள் போனேன். இப்போது அங்கே இருக்கிற மேடைக்காரர் என்னிடம் வேலை கற்றுக்கொண்டவர். நாற்காலியை விட்டு எழுந்து, "அண்ணே, மறுபடியும் வேலைக்கு வந்துட்டீங்களா?" என்றார். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு வெளியே வந்தேன்.

வண்டியில் கத்திரி இல்லை. கொஞ்ச தூரத்தில் லாரிகளுக்கு நடுவே நின்று யாரோ வாடிக்கைக்காரியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். பின் பெஞ்சு இருந்த இடத்தில் திரை இழுத்து மூடியிருந்தது. சத்தமில்லை. என் மனைவியைக் கழிப்பறைப் பக்கம் விட்டுவிட்டுத்தான் மகள் போன் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அங்கே ஒரு டீக்கடை உண்டு, சாய்வு நாற்காலியும் உண்டு.

வேலையை ஒழுங்காகச் செய்தேன். வண்டிக்கு அடியிலிருந்த தண்ணீர் டாங்கைத் திறந்து காலி பண்ணினேன். முன் சீட்டுக்குக் கீழே இருந்த கத்திரியின் முடிவெட்டுப் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்தேன். என் சட்டைப் பையிலிருந்த காந்தத்தைக்கூட அந்தப் பெட்டிமேல் வைத்தேன். பிறகு நானே வண்டியை மேடைமேல் ஏற்றினேன். மேடை தொடங்குகிற இடத்தில் ஒரு இரும்பு விளிம்பு உண்டு. எந்த வண்டி ஏறினாலும் தூக்கிப் போடும். இதையும் போட்டது. நிறுத்திவிட்டு இறங்கி வந்தேன்.

"எல்லாரும் இறங்கியாச்சா?" என்று மேடைக்காரர் ஜன்னல் வழியாகக் கேட்டார். எல்லோரிடமும் கேட்கவேண்டும், அதுதான் முறை.

"எனக்கேவா?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.

தாளில் இருந்ததைவிட அறுபது கிலோ கூட.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம். பொய் சொல்வானேன். காலையிலிருந்து கிடைக்காதது கையில் கிடைத்துவிட்டது. துருப்பிடித்து ஓட்டையாகிப்போன தரைக்குமேல் கனமான இரும்புத் தகட்டை அடித்து, அதன்மேல் பலகை போட்டு மூடிவிடுவார்கள். மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கும். அறுபது கிலோ அதற்குச் சரியான கனம்.

கத்திரி போனில் இடத்தைச் சொல்லியிருக்கவேண்டும், அந்த நேரம் பார்த்து நீச்சல் டீச்சரின் ஸ்கூட்டர் உள்ளே வந்தது.

"என்ன சார், வண்டிய தராசுல ஏத்திட்டீங்க!"

"ஏத்தினதாலதான் தெரிஞ்சுது. தரையில எத்தனை ஓட்டைம்மா?"

"என்னது?"

"அறுபது கிலோ கூட இருக்கு. தகடு அடிச்சுப் பலகைய போட்டு மூடிட்டா யாருக்குத் தெரியும்னு நெனச்சீங்களா? பிள்ளைத்தாச்சின்னு சொன்னா கேள்வி கேக்கமாட்டாங்கன்னு நெனச்சீங்களா?"

கடைசியில் சொன்னதைச் சொல்லியிருக்கவேண்டாம். வாயைவிட்டு வந்துவிட்டது.

அவள் முகம் சிவந்துபோனது. அந்தக் குரல் இப்போது மொத்தமாக வெளியே வந்தது. வரிசையில் நின்ற லாரி டிரைவர்கள் எல்லாம் தலையை நீட்டிப் பார்த்தார்கள்.

"அந்தத் தரைய ஒவ்வொரு ஆணியா அடிச்சவ நான்! தகடும் இல்ல, ஓட்டையும் இல்ல! உங்க பொண்ணு முகத்தையும் அந்த அம்மா முகத்தையும் பாத்துத்தான் சாவிய குடுத்தேன்! உங்க முகத்தைப் பாத்திருந்தா குடுத்திருக்கவே மாட்டேன்!"

"மேடை பொய் சொல்லாதும்மா."

"அப்ப நான்தான் பொய் சொல்றேனா?"

"நான் சொல்லல. அந்த நம்பர் சொல்லுது."

அவள் போனை எடுத்தாள். என் முன்னாலேயே பேசினாள். "அண்ணா, சாயங்காலம் வரைக்கும் காத்திருக்க வேணாம். பக்கத்துலதானே வேலை பாக்கறீங்க? எடைமேடைக்கு வாங்க. வண்டி உங்களுக்குத்தான்."

சாயங்காலம் வருகிற ஆள் என்று ஒருத்தர் உண்மையாகவே இருந்தார்.

"இப்ப வாங்க" என்றாள் என்னைப் பார்த்து. "வாங்க சார்! உங்க ஓட்டைய காட்டறேன்! பலகைய பேத்தே காட்டறேன்!"

விறுவிறுவென்று மேடைமேல் ஏறிப் போய் வண்டியின் பின்கதவை ஒரே இழுப்பில் திறந்தாள்.

திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

நானும் பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தேன்.

படுக்கை முழுசாக விரித்திருந்தது. என் மனைவி அதில் மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு செருப்பு காலில், ஒரு செருப்பு கீழே. வீட்டில் முதுகுக்கு ஒன்று, முழங்காலுக்கு ஒன்று, பக்கத்தில் ஒன்று என்று தலையணை அடுக்காமல் அவள் படுத்ததே இல்லை. இங்கே ஒரு தலையணைகூட இல்லை.

நீச்சல் டீச்சர் திறந்த கதவைத் தன் கையாலேயே பிடித்துக்கொண்டாள், காற்றில் அடித்துக்கொள்ளக்கூடாதென்று.

கத்திரி ஓடிவந்தாள். "அப்பா! அம்மாவ உள்ள வச்சுக்கிட்டா எடை போட்டீங்க? அரை மணி நேரம் ஆயிடுச்சுன்னு நான்தானே படுக்க வச்சேன்!"

"எனக்கு யாரு சொன்னா?"

"திரைய விலக்கிப் பாக்கக்கூடாதா?"

பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று இப்போதும் யோசிக்கிறேன். என் மனைவி இருக்கிற இடத்தை நான் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். படுக்கும்போது ஒரு முனகல், புரளும்போது ஒரு முனகல், லிப்ட் ஒரு குலுங்கு குலுங்கினால் பெரிய முனகல். அந்த இரும்பு விளிம்பு வண்டியைத் தூக்கிப் போட்டபோது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அதனால் அவள் அங்கே இல்லை என்றே என் புத்தி முடிவு கட்டிவிட்டது.

எங்கள் பேச்சில் அவளுக்கு விழிப்பு வந்தது. கண்ணைப் பாதி திறந்து, கதவில் நின்ற எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள்.

"அக்கா வீடு வந்துடுச்சா?" என்றாள்.

கத்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் மேடையின் தூணைப் பார்த்தேன்.

"இல்லம்மா" என்றாள் நீச்சல் டீச்சர். அவளால் இவ்வளவு மெதுவாகப் பேசமுடியும் என்று எனக்குத் தெரியாது. "இன்னும் கிளம்பவே இல்ல."

"அப்ப கிளம்பினதும் எழுப்புங்க." மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

மேடைக்காரர் ஜன்னலில் இருந்து கேட்டார். "அண்ணே, இறக்கிட்டு மறுபடி போட்டுடலாமா?"

"வேணாம்" என்றேன்.

சந்தேகமான எடையை மறுபடி போடாமல் நான் விட்டதே கிடையாது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

நீச்சல் டீச்சர் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுக் கீழே இறங்கிப் போய்த் தன் ஸ்கூட்டர்மேல் சாய்ந்து நின்றாள். நான் பக்கத்தில் போனேன். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. எந்தப் பக்கம் தொடங்குவதென்று தெரியவில்லை.

"தப்பு என்மேல" என்றேன்.

"தெரியுது."

"அந்தப் பிள்ளைத்தாச்சிப் பேச்சு..."

"அதப் பேசாதீங்க சார்."

"வண்டிய எங்களுக்குக் குடுங்க."

"எப்படிக் குடுக்கறது? வரச் சொல்லிட்டேனே. அவரும் ரொம்ப நாளா அலையறவர்." குரல் பாதியில் உடைந்தது. "வாக்குக் குடுத்துட்டு மாத்திப் பேச எனக்கு வராது. நீங்கதான் என்னப் பொய்க்காரின்னீங்க."



கத்திரி என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. "அம்மா இப்படித் தூங்கி எவ்வளவு நாளாச்சுப்பா" என்றாள். திட்டியிருக்கலாம்.

அதற்குள் ஒரு மோட்டார் சைக்கிள் உள்ளே வந்தது. மூக்குக்கண்ணாடி போட்ட ஆள். ஹெல்மெட்டைக் கழற்றி, தலையைத் தடவி விட்டுக்கொண்டு, நேராக வண்டியைப் பார்த்து நடந்தார். சுற்றிவந்தார். என்னைப்போலவே குனிந்து டயரைப் பார்த்தார். விரலை வளைத்து வண்டியின் வயிற்றில் தட்டப் போனவர், பக்கத்தில் நான் நிற்பதைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார்.

என்னை அந்த மேடையில் வேலை பார்க்கிற ஆள் என்று நினைத்துவிட்டார்.

"பெரியவரே, எடை போட்டீங்களா? வண்டி எப்படி?"

கத்திரி என்னையே பார்த்தாள். தூரத்திலிருந்து நீச்சல் டீச்சரும் பார்த்தாள்.

ஒரே ஒரு வார்த்தை போதும். அறுபது கிலோ கூட என்று சொன்னால் போதும், அது பொய்கூட இல்லை, நம்பர் அங்கே எடை காட்டுகிற பெட்டியில் எரிந்துகொண்டிருந்தது. தரையில் தட்டிப் பாருங்கள் என்று ஒரு கண்ணைச் சிமிட்டினால் அவர் வந்த வழியே போய்விடுவார். நான் நம்பாத ஆள். இன்னொருத்தரை நம்பாமல் செய்வது எனக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்?

"நல்ல வண்டி" என்றேன். "காந்தம் வச்சுப் பாத்தேன், மோந்து பாத்தேன், எடையும் போட்டேன். குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல."

அவர் முகம் மலர்ந்தது. பின்கதவுப் பக்கம் போய்க் கைப்பிடியில் கையை வைத்தார்.

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உள்ள என் வீட்டுக்காரி தூங்கறா" என்றேன். "நீங்க வாங்கினா வாங்கிக்கங்க. ஆனா அவளா எழுந்திரிக்கிற வரைக்கும் இந்தக் கதவ யாரும் தெறக்கக்கூடாது."

கண்ணாடிக்காரர் என்னைப் பார்த்தார், நீச்சல் டீச்சரைப் பார்த்தார். மேடைக்குப் பின்னால் இரண்டு லாரிகள் ஹாரன் அடித்தன. மேடைக்காரர் ஜன்னலில் இருந்து எட்டி, வாயில் விரலை வைத்து அவற்றை அடக்கினார்.

அந்த ஆள் கைப்பிடியை விட்டார். ஹெல்மெட்டைத் தரையில் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"எழுந்திரிக்கட்டும்" என்றார். "அதுவரைக்கும் நீங்க சொல்லுங்க பெரியவரே. எங்க போறதுக்கு இந்த வண்டி உங்களுக்கு?"